பால் காய்ச்சியவள்

வீட்டுக்குள் வந்து, முகக்கவசத்தைக் கழற்றி, கைப்பையைச் சோபாவில் போட்ட பிறகுதான் ரக்ஷனாவுக்கு அது கண்ணில் பட்டது. கூடத்துச் சுவரில் சாமி படங்கள் இல்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போதுகூட முருகனும் பிள்ளையாரும் துர்க்கையும் ஒருவர் பக்கத்தில் ஒருவராக மாலையோடு இருந்தார்கள். கீழே பலகையில் குத்துவிளக்கும் குங்குமச் சிமிழும் இருந்தன, ஊதுபத்திச் சாம்பல் உதிர்ந்து கிடந்தது. இப்போது மூன்று ஆணிகள் நீட்டிக்கொண்டு நின்றன. பலகையை யாரோ ஈரத்துணியால் எண்ணெய்ப் பிசுக்குகூட இல்லாமல் துடைத்து எடுத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை, படம் துடைப்பது வழக்கம்தானே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். துடைக்கிறவர்கள் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டுவார்கள். விளக்கையும் சிமிழையும் எங்கே கொண்டுபோவார்கள்?

"ஆன்ட்டி!" என்று வீட்டுக்கார அம்மாளைக் கூப்பிட்டாள். பதில் வரவில்லை.

வெளியே ஒரு வாரமாகப் புகைமூட்டம். பக்கத்து நாட்டில் காடு எரிந்த புகை வந்து புக்கிட் பாத்தோக் பேட்டை முழுவதையும் மூடியிருந்தது. எதிர் அடுக்குமாடி புளோக்கின் விளிம்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பிற்பகல் முடிவதற்குள்ளேயே வெளிச்சம் பழுத்து மஞ்சளாகி, அடைத்த சன்னல் கண்ணாடி வழியாக வந்து தரையில் தேங்கி நின்றது. காற்று வர வழியில்லாத வீட்டுக்குள் எல்லாச் சத்தமும் அதிகமாகக் கேட்டது: குளிர்சாதனப் பெட்டியின் முனகல், குளியலறைக் குழாயின் சொட்டு, மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பது. இவற்றுக்கெல்லாம் அடியில், சமையலறைப் பக்கமிருந்து ஒரு வாசனை வந்தது. ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்த வரை அது இவளுக்குத் தெரிந்ததில்லை. ஊறப்போட்டு மறந்துபோன அரிசியின் வாசனை. அதோடு, மூடிய அறைக்குள் நெடுநாளாக யாரோ மூச்சுவிட்டு மூச்சுவிட்டு வைத்ததைப் போன்ற ஒரு வெதுவெதுப்பு.

காலி பண்ணச் சொல்லப்போகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. வாடகைக்கு இருக்கிறவளுக்கு, அதுவும் வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு, வீட்டுக்காரர் ஒரு நாற்காலியை இடம் மாற்றினாலும் பயம்தான் வரும். வேறென்ன வரும்?

அவளும் கணவன் ஜெய்யும் இந்த வீட்டில் ஓர் அறையை எடுத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. குவீன்ஸ்டவுனில் ஜெய்யின் அம்மா வீடு சின்னது. அதில் அண்ணன் குடும்பமும் இருந்தது. கல்யாணமான புதிதில் அங்கே கூடத்தில் மெத்தை விரித்துப் படுத்த நாட்களை நினைத்தால் ரக்ஷனாவுக்கு இன்னும் கூசும். சொந்தமாக வேண்டுமென்று அரசாங்கத்திடம் எழுதி வைத்திருந்த, இன்னும் கட்டி முடியாத பி.டி.ஓ. வீடு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் கிடைத்ததுதான் புஷ்பராணி ஆன்ட்டியின் அறை. தனியாக இருக்கும் அம்மாள், அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேச மாட்டார். ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை மட்டும் தெளிவாக இருந்தது: இரண்டு பேர்தான், குழந்தை கூடாது.

அதனால்தான் தரித்தபோது ரக்ஷனா அதை ஒளித்தாள். நல்ல செய்தியைத் திருடிய பொருள்போல வயிற்றில் வைத்துக்கொண்டு, தொளதொள குர்த்தி போட்டுக்கொண்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தாள். லிட்டில் இந்தியாவில் அவள் வேலை பார்க்கும் பயண முகவர் அலுவலகத்தில் சாயிரா பானு அக்காவிடம் மட்டும் சொன்னாள். சாயிராவும் ஒரு காலத்தில் கைக்குழந்தையோடு வாடகை அறையிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவள். "பாவம் புள்ளத்தாச்சின்னு யாரும் பாக்க மாட்டாங்க ரக்ஷி. பேப்பர்ல என்ன எழுதியிருக்கோ அதான் இங்க ரூல் லா," என்றாள்.

எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒருநாள் குளியலறைக் கதவைத் திறந்தால் வாசலில் ஆன்ட்டி நிற்கிறார். ரக்ஷனா அழவே ஆரம்பித்துவிட்டாள். எங்களை வெளியே அனுப்பிடாதீங்க ஆன்ட்டி, போறதுக்கு இடமில்ல ஆன்ட்டி என்று என்னென்னவோ உளறினாள். அந்த அம்மாள் இவளை அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டார். அவர் உடம்பு நடுங்கியது இவளுக்கு இப்போதும் நினைவிருக்கிறது. சந்தோஷத்தில் நடுங்குகிறார் என்று நினைத்தாள், பேதை.

"யாரு உன்ன போகச் சொல்றா? இது உன் வீடு மாதிரி மா. இங்கதான் நீ பெத்துக்கணும்," என்றார் ஆன்ட்டி.

அன்றிலிருந்து கவனிப்போ கவனிப்பு. பஃபலோ ரோட்டுக் காய்கறிக் கடைகளுக்குப் போய்ப் பொறுக்கிப் பொறுக்கி முருங்கைக்கீரை வாங்கி வருவார். மீனில் முள் எடுத்துத் தட்டில் வைப்பார். பெற்ற அம்மா இல்லாத ரக்ஷனாவுக்கு உச்சி குளிர்ந்து போனது. மாமியார் ஒரு தடவைகூட "சாப்டியா" என்று கேட்டதில்லை. வாடகை வாங்குகிற ஒருத்தி காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். யாருக்குத்தான் நெஞ்சு இளகாது?

அந்த வீட்டில் அவளுக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான். சமையலறையை ஒட்டி, குண்டு விழுந்தால் ஒதுங்குவதற்கான பாம் ஷெல்டர் இருந்தது. புது புளோக்குகளில் எல்லா வீட்டிலும் இருக்குமே, கனத்த சுவரும் இரும்புக் கதவும் வைத்து, சன்னலே இல்லாமல், அந்தச் சின்ன அறைதான். மற்ற வீடுகளில் அதில் பழைய மின்விசிறியும் அரிசி மூட்டையும் கிடக்கும். இங்கே ஆன்ட்டி தினமும் விளக்கேற்றும் நேரத்துக்கு ஒரு தட்டில் சோறு, குழம்பு, காய் எல்லாம் போட்டு எடுத்துக்கொண்டு, இரு கையாலும் அந்தக் கதவை இழுத்துத் திறந்து, உள்ளே விளக்குப் போடாமலேயே தட்டை வைத்துவிட்டு, தலை குனிந்தபடி பின்னாலேயே நடந்து வெளியே வருவார். காலையில் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும்.

போய்ச் சேர்ந்த புருஷனுக்குப் படைக்கிறார் என்று ரக்ஷனா நினைத்தாள். வீட்டில் ஆம்பளை இல்லை, நெற்றியில் பொட்டில்லை, கேட்பதற்கு வாய் வரவில்லை. ஜெய்யிடம் சொன்னபோது அவனும், "ஆமா, நான் கேட்டேன். அங்கிளுக்காம். விடு," என்றான். சிலர் அமாவாசைக்குப் படைப்பார்கள், இவர் தினமும் படைக்கிறார், அவ்வளவு பாசம் என்று இவள் கண்கூடக் கலங்கினாள்.

ஆவணி பிறந்ததும் ஆன்ட்டி வீடு முழுவதும் வெள்ளையடித்தார். பெயின்ட் வாசனை போன ஒரு நல்ல நாளில், புதுப் பாத்திரமும் புது அகப்பையும் வாங்கி வந்து அடுப்பில் வைத்துவிட்டு, ரக்ஷனாவைக் கூப்பிட்டார்.

"பால் காய்ச்சு மா."

"நானா? வீட்டுக்காரங்க நீங்கதான ஆன்ட்டி காய்ச்சணும்?"

"நான் ஒருத்தி தனியா இருந்து காய்ச்சி என்னத்தக் கண்டேன். மாசமா இருக்கிறவ கையால பொங்கினா வீடு நெறையும். பொங்கும்போது 'இது என் வீடு'ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கோ."

சொன்னாள். பால் நுரைத்து விளிம்பைத் தாண்டி கிழக்குப் பக்கமாக வழிந்தபோது, கைகூப்பி, கண்ணை மூடி, மனதாரச் சொன்னாள். இது என் வீடு. கூடத்தில் மெத்தை விரித்துப் படுத்த அத்தனை ராத்திரிகளும் அந்தச் சொல்லில் இருந்தன. கண்ணைத் திறந்தபோது ஆன்ட்டியும் ஜெய்யும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்கு மதியம்தான் சாயிரா பேச்சோடு பேச்சாக, "உன் அக்ரிமென்ட்ட காட்டு, பாக்கலாம்," என்று கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் முகம் மாறியது. ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டவே இல்லை. வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் என்று இணையத்தில் தேடிப் பார்த்தால் இவர்கள் பெயர் எங்கேயும் பதிவாகவும் இல்லை.

"ஸ்டாம்ப் பண்ணாத பேப்பர கோர்ட்ல நீட்டுனா மதிக்க மாட்டாங்க லா. உன் புருஷன் எல்லாம் செஞ்சாச்சுன்னு தான சொன்னாரு?"

"சொன்னாரு."

"அப்ப பொய் சொல்லியிருக்காரு. அந்த வீட்ல நீ இருக்கிறதே யாருக்கும் தெரியாது ரக்ஷி."

அதைக் கேட்கத்தான் அரைநாள் லீவு போட்டு, புகையில் இருமிக்கொண்டே வந்து சேர்ந்தாள். வந்து பார்த்தால் ஆணிகள் நிற்கின்றன.

ஆன்ட்டியின் அறைக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தாள். கட்டிலில் மெத்தை இல்லை. அலமாரி வாய் பிளந்து நின்றது. ஒரு ஹேங்கர்கூட இல்லை. ரக்ஷனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காலி பண்ணச் சொல்லப்போகிறவர்கள் எதற்குத் தாங்கள் காலி பண்ண வேண்டும்?

அப்போது மணி அடித்தது.

வாசல் கம்பிக் கதவுக்கு வெளியே ஒரு வயதானவர் நின்றார். பூப்போட்ட பாத்தேக் சட்டை, முகக்கவசம், கையில் குடை. இவளைப் பார்த்ததும் முதலில் வயிற்றைத்தான் பார்த்தார்.

"புஷ்பராணி ஒரு பெட்டிய விட்டுட்டு வந்துட்டா. வாசல்ல சப்பாத்து அலமாரிப் பக்கத்துல இருக்காம். எடுத்துக் குடுமா."

"நீங்க யாரு அங்கிள்?"

"ரத்னவேல். அவ புருஷன்."

ரக்ஷனா கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்கிறோம் என்று யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "நீங்க… இருக்கீங்களா?"

"ஈசூன்ல இருக்கேன். அவளும் இப்ப அங்கதான் வந்துட்டா, காலையில."

"உள்ள வாங்க."

"வேணாம்மா." அவர் சட்டென்று ஓர் அடி பின்னால் போனார். "நான் இந்த வாசல மிதிச்சு ரொம்ப வருஷமாச்சு. பெட்டிய இப்படித் தள்ளி விட்டா போதும்."

பெட்டியை எடுக்க அவள் நகரவில்லை. "அங்கிள், ஆன்ட்டி தினமும் ஒரு தட்டுல சோறு வப்பாங்க. உங்களுக்குன்னு சொன்னாங்க. அது யாருக்கு?"

அவர் முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். உதடு காய்ந்திருந்தது. இவளைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பார்வையைத் தரைக்குக் கொண்டுவந்தார்.

"பால் நீதான் காய்ச்சினியா?"

"ஆமா."

"யாரும் கையப் புடிச்சு செய்ய வைக்கலயே? மனசாரதான காய்ச்சின?"

"மனசாரத்தான்."

"அப்ப சரி," என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவளும் பாவம்மா. அவள வையாத. எத்தனையோ பேரு வாடகைக்கு வந்தாங்க, போனாங்க. ஒருத்தரும் இத தன் வீடுன்னு நெனைக்கல. யாராவது நெனச்சாத்தான அவ எறக்கி வைக்க முடியும்?"

"என்னத்த எறக்கி வைக்க?"

"நாங்க வரும்போது இது புத்தம் புது வீடு. இங்க யாரும் இருந்ததுமில்ல, செத்ததுமில்ல. அதனால அது யாரு, என்னன்னு எங்களுக்குத் தெரியாது. ஐயர கேட்டோம், மந்திரிக்கிற மலாய் போமோவ கேட்டோம். அவ பால் காய்ச்சின அன்னிக்கு வந்துச்சு. என்கிட்ட வரல, அவகிட்டதான் வந்துச்சு. நான் ஓடிட்டேன். அவளால ஓட முடியல." அவர் குரல் இறங்கியது. "அப்ப எங்களுக்கும் ஒன்னு தரிச்சிருந்துச்சு."

"என்னாச்சு?"

"பெட்டிமா," என்றார்.

"அங்கிள், குழந்தைக்கு என்னாச்சு?"

அவர் கம்பிக்குள் கையை விட்டு, பெட்டியின் கைப்பிடியைத் தானே பிடித்து இழுத்தார். கதவைத் திறந்துவிட்டாள். பெட்டி வெளியே போனது. மின்தூக்கி வரும்வரை அவர் இவள் பக்கம் திரும்பவே இல்லை.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வார்களே, அந்தக் கத்தி எப்படி இருக்கும் என்று ரக்ஷனாவுக்கு இப்போது தெரிந்தது. முள் எடுத்த மீன், கால் பிடித்த கை, பஃபலோ ரோட்டுக் கீரை. கோவில் ஆட்டுக்குக்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்து ஊட்ட மாட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள், ஆன்ட்டி பெயரைச் சொல்லிச் சொல்லி வாய்விட்டுத் திட்டினாள். திட்டி முடித்ததும், ஜெய்யிடம் சொல்ல வேண்டும், அவன் வந்து கூட்டிப்போவான் என்று எழுந்து தங்கள் அறைக்குப் போனாள். கைப்பேசியில் மின்சாரம் குறைந்திருந்தது; சார்ஜர் இருந்த இடம் ஜெய்யின் அலமாரிப் பக்கம். அலமாரிக் கதவு சரியாக மூடவில்லை. திறந்தாள். அவளுடைய சேலைகளும் குர்த்திகளும் இந்தப் பக்கம் இருந்தன. அந்தப் பக்கம் வெறும் பலகை.

ஒரு வாரமாக இரவு வேலை, இரவு வேலை என்று அவன் வராதது ஏனென்று நின்ற இடத்திலேயே விளங்கியது.

அழைத்தாள். எடுத்தான். பின்னால் தொலைக்காட்சிச் சத்தமும் அவன் அம்மா சாப்பிடக் கூப்பிடுவதும் கேட்டன.

"உனக்கு எப்ப தெரியும் ஜெய்?"

அவன் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. "பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி. ஆன்ட்டி பேசினாங்க. நம்ம வீடு கெடைக்கிற வரைக்கும் வாடக வேணாம், யாரும் வெளிய போகச் சொல்ல மாட்டாங்கன்னு சொன்னாங்க. ஏதோ பழைய நம்பிக்கை, ஒரு பால் காய்ச்சுறதுல என்ன வந்துடப் போகுதுன்னு நெனச்சேன் லா. உனக்காகத்தான் செஞ்சேன். நீதான தெனமும் எங்க போவோம் எங்க போவோம்னு அழுத?"

"பேப்பர் ஸ்டாம்ப் பண்ணல. எங்கயும் என் பேரு இல்ல."

"ஆன்ட்டி வேணாம்னாங்க."

"ஒரு வாரமா ஏன் வரல?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "நான் பாத்துட்டேன், ரக்ஷி. நீ தூங்கிட்டு இருந்த. நான் கண்ண தொறந்தேன், பாத்துட்டேன்."

"என்ன பாத்த?"

"கேக்காத. உன்ன ஒன்னும் பண்ணாது. காய்ச்சினவள அது ஒன்னும் பண்ணாதுன்னு ஆன்ட்டி சத்தியம் பண்ணாங்க."

"புள்ளைய?"

தொலைக்காட்சியில் யாரோ சிரித்தார்கள். பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது. மறுபடி அழைத்தபோது அவன் கைப்பேசியை அணைத்திருந்தான்.

சன்னலில் மஞ்சள் வடிந்து சாம்பல் ஏறிக்கொண்டிருந்தது. விளக்கேற்றும் நேரம். இந்த நேரத்துக்கு இந்த வீட்டில் தாளிக்கிற சத்தம் கேட்கும், கரண்டி தட்டும், ஆன்ட்டி தேவாரம் முணுமுணுப்பார். இன்றைக்கு அதெல்லாம் இல்லாத இடத்தில் வேறொன்று கேட்டது. சமையலறைப் பக்கமிருந்து. அந்தச் சின்ன அறையின் சிமென்ட்டுத் தரையில், எவர்சில்வர் தட்டை ஒரு விரலால் மெல்ல நகர்த்துவது போல. நகர்ந்தது. நின்றது. கதவுப் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

சோறு கேட்கிறது.

ரக்ஷனா சாயிராவை அழைத்தாள். என்ன ஏது என்று விளக்காமல், "அக்கா, என்ன கூட்டிட்டுப் போங்க, இப்பவே," என்றாள். சாயிரா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "கெளம்பிட்டேன். டாக்சில வர்றேன், நீ கீழ வந்து நில்லு," என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் ரக்ஷனாவுக்கு உயிர் வந்தது. உலகத்தில் ஒருத்தியாவது இருக்கிறாள்.

கைப்பை, அடையாள அட்டை, மருத்துவமனை அட்டை. வேறெதுவும் எடுக்கவில்லை. விளக்கைப் போட்டாள். சமையலறையில் சத்தம் நின்றது. செருப்பை மாட்டிக்கொண்டு, வாசல் கதவைத் தாண்டி, தாழ்வாரத்தில் நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. எதுவும் பின்னால் வரவில்லை. பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கிறார்கள், ஒரு குழந்தை சைக்கிள் மணி அடிக்கிறது, எல்லாம் எப்போதும் போல இருந்தது. இவ்வளவுதானா என்றிருந்தது.

மின்தூக்கிப் பொத்தானை அழுத்தியபோதுதான் கவனித்தாள். வயிறு அமைதியாக இருந்தது.

காலையிலிருந்து உதைத்துக்கொண்டே இருந்த பிள்ளை. அழும்போது உதைத்தது, ஜெய்யிடம் பேசும்போது விலா எலும்பில் முட்டியது. இப்போது இல்லை. கையை வைத்துப் பார்த்தாள். தட்டினாள். பக்கவாட்டில் அழுத்தினாள். "கண்ணு," என்றாள். "கண்ணு, அம்மா டா." ஒன்றுமில்லை. உள்ளே ஒரு கல் இருப்பது மாதிரி. மின்தூக்கி வந்து திறந்து, காத்திருந்து, மூடிக்கொண்டு போனது.

வீட்டுப் பக்கமாக ஓர் அடி வைத்தாள்.

லேசாக அசைந்தது.

மறுபடி மின்தூக்கிப் பக்கம் வந்தாள். நின்றது. தூங்குகிறது, தூங்கும், மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்று பிடிவாதமாக அரை மணி நேரம் நின்று பார்த்தாள். வியர்த்தது. வீட்டை நோக்கி நடந்தாள். உதை. பலமான, உயிருள்ள உதை. திரும்பினாள். கல்.

கைப்பேசி அடித்தது. "ரக்ஷி, கீழ நிக்கிறேன். எறங்கி வா."

"அக்கா…"

"சீக்கிரம் லா, டாக்சி நிக்குது."

சொல்லலாம். மேலே வாங்க என்று கூப்பிடலாம். வந்து இழுத்துக்கொண்டு போவாள் சாயிரா, அப்படிப்பட்டவள்தான். மருத்துவமனைக்குக் கொண்டு போவாள். போய்ச் சேருகிற அவ்வளவு நேரமும் இது இப்படியே கல்லாகக் கிடக்கும். ரக்ஷனா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"வேணாம்க்கா. ஜெய் வந்துட்டாரு. நீங்க போங்க," என்றாள்.

"அழறியா?"

"இல்லக்கா. போங்க."

அவள் எங்கே போவோம் எங்கே போவோம் என்று பயந்த வீடு, இனி போகச் சொல்லாது. திறந்து கிடந்த கதவுக்குள் அவளே காலை வைத்தாள். செருப்பை வெளியே விட்டாள். பழக்கம்.

கூடத்தில் போட்டுவிட்டுப் போன விளக்கு அணைந்திருந்தது.

சுவரைத் தடவி சுவிட்சைத் தட்டினாள். எரியவில்லை. தாழ்வார வெளிச்சத்தில் கூடம் பாதி தெரிந்தது. அதற்கப்பால் சமையலறை. அதற்கப்பால் அந்த இரும்புக் கதவு. ஆன்ட்டி இரு கையாலும் இழுத்தால்தான் நகரும் கதவு.

திறந்திருந்தது.

அரிசி வாசனை. வெதுவெதுப்பு. மிக அருகில்.

சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்த வேண்டும். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். கத்தினால் பிள்ளை மறுபடி கல்லாகிவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தரையில் ஏதோ ஊர்ந்து வந்தது. அவசரமில்லாமல். எதிரில் வந்து உட்கார்ந்தது. பார்க்கக் கூடாது. அவள் கண்ணை இறுக்கி மூடினாள்.

குர்த்தியின் விளிம்பு மெல்ல உயர்ந்தது.

ஈரமான ஒரு கன்னம், பிறகு ஒரு காது, அவள் வயிற்றில் ஒட்டிக்கொண்டது. அழுத்தவில்லை. கேட்டுக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பேசுகிறவர்களைக் கேட்பது போல, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

போ என்று மனதுக்குள் பிள்ளையிடம் கெஞ்சினாள். உள்ள போ. முதுகுப் பக்கம் போ. அம்மாகிட்ட ஒட்டிக்கோ. நமக்கு யாரும் இல்ல கண்ணு, நீயும் நானும்தான். போயிடு.

பிள்ளை அசைந்தது. மெதுவாக, முழு உடம்பையும் திருப்பிக்கொண்டு. தலை எங்கே, கால் எங்கே என்று ஒவ்வொன்றாக அவளுக்குத் தெரிந்தது. திரும்பி, முன்னால் வந்து, அந்தக் காது ஒட்டியிருந்த இடத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டது.